பினாங்குச் சமூகக் கல்லூரியில் படித்துக்கொண்டே அமைப்புக் கோட்பாடு கற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாயான் பாருவில் ஒரு மாடிக் கடை. மதியம் இரண்டு மணி. ஏர்கோன் ஓடுகிறது, நிற்கிறது, நாலு நிமிடத்தில் மறுபடி ஓடுகிறது. அறை மட்டும் குளிரவே இல்லை. முதல் தடவை போனபோது தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். பத்து நாளில் அதே புகார் வந்தது. இரண்டாம் தடவை இன்னொரு தெர்மோஸ்டாட். மூன்றாம் தடவை என்னோடு வந்த மூத்த டெக்னிஷியன் கருவிப்பெட்டியைத் திறக்கவே இல்லை. சுவரோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு டிஷ்யூ தாளை நீளமாகக் கிழித்து, காற்று வரும் இடத்தில் பிடித்து, அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தபடியே நடந்தார்.

"தம்பி, மெஷினப் பாக்காத. காத்து எங்கருந்து எங்க போவுதுன்னு பாரு."

கடைக்காரர் புதிதாக ஒரு அலமாரி வாங்கி எதிரில் வைத்திருந்தார். குளிர்காற்று அதில் மோதித் திரும்பி, நேராக சென்சாரின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. சென்சாரின் கணக்கில் அறை குளிர்ந்துவிட்டது. அறையில் உட்கார்ந்திருந்தவருக்கோ ஒரே புழுக்கம். அலமாரியை இரண்டடி நகர்த்தினோம். அவ்வளவுதான்.

எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும் வேலை நடக்காமல் இருக்கலாம் என்பதை நான் கற்ற நாள் அது. பாகங்களுக்கு நடுவே என்ன ஓடுகிறது, எது எதற்குச் செய்தி சொல்கிறது, அந்தச் செய்தி எவ்வளவு நேரம் கழித்து வந்து சேர்கிறது என்று பார்க்கும் படிப்புக்கு அமைப்புக் கோட்பாடு என்று பெயர் இருப்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. இதைப் படிக்கப் பட்டம் வேண்டியதில்லை. சமூகக் கல்லூரியில், கோலேஜ் கொமுனிட்டி என்று நாம் சொல்கிற இடத்தில், கைத்தொழில் படிக்கிற ஒருவருக்கு இதைக் கற்க மற்றவர்களை விட நல்ல வசதி இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் அமைப்பு அவர் கைக்கு எட்டும் தூரத்தில், திறந்த மூடியோடு, பட்டறை மேசையில் கிடக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

தமிழில் தேடும்போது "அமைப்பியல்" என்று தட்டினால் இலக்கியத் திறனாய்வுக் கட்டுரைகள்தான் வரும். அங்கே அந்தச் சொல் மொழியையும் கதையையும் ஆராய்கிற வேறொரு சிந்தனைப் பள்ளியைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது "அமைப்புக் கோட்பாடு", "அமைப்புச் சிந்தனை", "அமைப்பு இயங்கியல்" என்பவை.

நம் நாட்டில் படிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வகுப்பு மலாயில் நடக்கும், புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், யோசிப்பது தமிழில். ஆகவே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று நெடுவரிசை போட்டு ஒரு சொற்பட்டியல் தொடங்கிவிடுங்கள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மின் உயிரியலில் "சுவாப் பாலேக் நெகட்டிஃப்" என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? உடல் வெப்பம் ஏறினால் வியர்க்கும், இறங்கினால் நடுங்கும் என்று படித்தோமே, அது இந்தத் துறையின் இதயமான பாடம். தமிழில் எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறோம். அந்தப் பாடத்தில் வந்த "ஹோமியோஸ்டாசிஸ்" என்ற சொல்லை 1920களில் உருவாக்கியவர் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர். ஆக, இந்தத் துறையின் வாசற்படியை நீங்கள் பள்ளியிலேயே மிதித்துவிட்டீர்கள்.

எந்தப் படிப்பில் சேர்வது

அமைப்புக் கோட்பாடு என்ற பெயரில் பாடம் தேடி அலையாதீர்கள். சமூகக் கல்லூரிகள் 2001இல் தொடங்கப்பட்டவை. உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்குபவை. கைத்தொழில் திறனுக்கான சான்றிதழ், டிப்ளோமா படிப்புகளும் பொதுமக்களுக்கான குறுகியகாலப் பயிற்சிகளும் அவற்றின் வேலை. பினாங்கு மாநிலத்தில் தீவுப் பக்கம் பாயான் பாருவிலும், பெருநிலப் பக்கம் கெப்பாலா பத்தாஸ் போன்ற இடங்களிலும் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்பது மாறிக்கொண்டே இருக்கும், எனவே அரசு உயர்கல்விக் கூடங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் கல்லூரிக்கே நேரில் போய் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நேரில் போனால் பட்டறையையும் பார்க்கலாம்.

உங்களுக்குப் பிழைப்புக்கு எது வேண்டுமோ அதில் சேருங்கள். குளிர்பதனம், மின்சாரம், சமையல், கணக்கு, ஹோட்டல், எதுவானாலும் சரி. குளிர்பதனத்தில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. சமையலில் சரக்கு வாங்குவதும் கெட்டுப்போவதும் இருக்கின்றன. ஹோட்டல் படிப்பில் முன்பதிவும் காலி அறையும். கணக்கில் கடனும் வட்டியும். உங்கள் பிழைப்பையே பாடப்பொருளாக வைத்துக்கொண்டால், இந்தக் கோட்பாடு தேர்வு முடிந்ததும் மறந்து போகிற சங்கதியாக இருக்காது.

வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர் ஓரிரு நாள் குறுகியகாலப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் கீழே சொல்லியிருப்பதெல்லாம் மூன்று, நான்கு மாதத்தில் முடியும்.

ஒரே ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

பொருளாதாரம், பருவநிலை என்று பெரிதாகத் தொடங்கினால் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவீர்கள். தினமும் கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய ஒன்றை எடுங்கள். கழிவறைத் தண்ணீர்த் தொட்டி அருமையான தொடக்கம். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். மிதவை இறங்குகிறது, வால்வு திறக்கிறது, தண்ணீர் வருகிறது, மிதவை ஏறுகிறது, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது. கடைசி ஒரு அங்குலம் நிரம்ப எவ்வளவு மெதுவாக ஆகிறது என்று கவனியுங்கள். இலக்கை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. இதைப் பத்துத் தடவை பார்த்தவருக்குப் பின்னூட்டம் என்ற சொல்லுக்கு விளக்கமே தேவைப்படாது.

முதல் இரண்டு வாரம் எதையும் விளக்க முயல வேண்டாம். நேரத்தையும் அளவையும் எழுதுங்கள், அது போதும். ஏர்கோன் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது, அப்போது அறையில் எத்தனை டிகிரி. வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் அலை அலையாக வரும். அந்த அலைதான் உங்கள் முதல் தரவு.

தொட்டியும் குழாயும்

எந்த அமைப்பிலும் இரண்டு வகை அளவுகளைப் பிரிக்கத் தெரிய வேண்டும். ஒன்று சேர்ந்து நிற்பது: தொட்டித் தண்ணீர், கையிருப்புப் பணம், கடையின் சரக்கு, கடன் பாக்கி. இதை இருப்பு என்போம். மற்றது உள்ளே வருவதும் வெளியே போவதும்: ஓட்டம். படம் எடுத்தால் இருப்பு தெரியும். ஓட்டம் தெரிய நேரத்தை அளக்க வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 2000இல் லிண்டா பூத் ஸ்வீனி, ஜான் ஸ்டெர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களிடம் தொட்டியும் குழாயும் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்கு படித்த அந்த மாணவர்களில் நிறையப் பேர் தடுமாறினார்கள். எங்கே தடுக்கும் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஒருவர் கடன் அட்டையில் மாதம் 600 ரிங்கிட் செலவழிக்கிறார், 400 கட்டுகிறார். அடுத்த மாதம் மனம் திருந்திச் செலவை 450க்குக் குறைக்கிறார். "குறைச்சிட்டேனே, ஏன் பாக்கி ஏறுது?" என்று கேட்கிறார். உள்ளே வருவது குறைந்தாலும், வெளியே போவதை விட அது அதிகமாக இருக்கும் வரை தொட்டி நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். வட்டி தனி. இந்த ஒரு விஷயம் உடம்பில் ஊறும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சுழல்களை வரையுங்கள்

இப்போது அம்புக்குறி. ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்றால் அம்பின் முனையில் கூட்டல் குறி. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்றால் கழித்தல் குறி. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் அது சுழல். சுழலில் கழித்தல் குறிகளை எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் சமன்செய்யும் சுழல். இரட்டைப்படை என்றால், அல்லது கழித்தலே இல்லை என்றால், வலுக்கும் சுழல்.

ஏர்கோனில் அறை வெப்பம் கூடினால் கம்பிரசர் ஓட்டம் கூடும்: கூட்டல். கம்பிரசர் ஓட்டம் கூடினால் அறை வெப்பம் குறையும்: கழித்தல். ஒரே கழித்தல், சமன்செய்யும் சுழல். சீக்கிரம் குளிரட்டும் என்று 16இல் வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண, வேகம் மாறாத ஏர்கோனில் 16இல் வைத்தாலும் 24இல் வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றுதான்; எங்கே போய் நிற்கும் என்பது மட்டும் மாறும். அவர் இலக்கைத் திருகிவிட்டு வேகத்தைத் திருகியதாக நினைக்கிறார்.

வலுக்கும் சுழலுக்குக் கடைவீடுகளின் பின்சந்துக்கு வாருங்கள். இரண்டு பக்கமும் கண்டென்சர்கள் எதிரெதிராக மாட்டியிருக்கும். ஒன்று கக்கும் சூட்டை இன்னொன்று இழுக்கும். சந்தில் சூடு கூடினால் கண்டென்சர் வெப்பத்தை வெளியே தள்ளும் திறன் குறையும்: கழித்தல். திறன் குறைந்தால் கம்பிரசர் இழுக்கும் மின்சாரமும் ஓடும் நேரமும் கூடும்: இன்னொரு கழித்தல். அதனால் சந்தில் கொட்டும் வெப்பம் கூடும். இரண்டு கழித்தல், வலுக்கும் சுழல். அந்தச் சந்தில் மதியம் மூன்று மணிக்கு ஏணி மேல் நின்றவருக்கு இது வெறும் படம் இல்லை. கோவில் மண்டபத்தில் மைக் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்ததும் "கீ…" என்று வீரிடுமே, அதுவும் இதே வகை.

ஒரு எச்சரிக்கை. "எதிர்மறை" என்றதும் கெட்டது என்றும் "நேர்மறை" என்றதும் நல்லது என்றும் நம் காது கேட்டுவிடும். இங்கே அந்தப் பொருள் கிடையாது. எதிர்மறைப் பின்னூட்டம் நின்றுபோனால் உடம்பில் உயிர் தங்காது. வந்துமுடியும் இடம் நல்லதா கெட்டதா என்பதைச் சுழலின் பெயர் சொல்லாது. இதனால்தான் நான் "சமன்செய்யும்", "வலுக்கும்" என்ற சொற்களையே கூடுதலாகப் பயன்படுத்துகிறேன்.

தாமதம்: ஒரு மாலை முழுக்க இதற்கே கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் போதும்.

பட்டர்வொர்த்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆட்டா மாவு நாளுக்கு 20 பாக்கெட் விற்கிறது. கடையில் எப்போதும் 60 பாக்கெட் இருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் எண்ணம். இன்று மாலை ஆர்டர் சொன்னால் மூன்று நாள் கழித்துக் காலையில் சரக்கு வரும். ஆகவே ஏற்கெனவே சொன்ன இரண்டு ஆர்டர்கள், 20 வீதம், வழியில் இருக்கின்றன. அவருடைய விதி நியாயமானது: இன்று விற்றதையும், 60க்கு எவ்வளவு குறைகிறதோ அதையும் சேர்த்து ஆர்டர் செய்வது.

பக்கத்தில் புதிதாக ஒரு அடுக்குமாடியில் குடி வந்தார்கள். விற்பனை 25 ஆனது. வெறும் ஐந்து பாக்கெட் கூடியது. அதற்குப் பிறகு மாறவே இல்லை.

முதல் நாள்: 60 இருந்தது, 20 வந்தது, 25 போனது, மீதி 55. ஆர்டர் 25, குறைந்த 5, ஆக 30. இரண்டாம் நாள் மீதி 50, ஆர்டர் 35. மூன்றாம் நாள் மீதி 45, ஆர்டர் 40. நான்காம் நாள் முதல் 30 வந்து சேருகிறது. மீதி 50, ஆர்டர் 35. ஐந்தாம் நாள் மீதி சரியாக 60. அண்ணாச்சிக்கு நிம்மதி. ஆனால் வழியில் இன்னும் சரக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆறாம் நாள் 75. ஏழாம் நாள் 85. எட்டாம் நாளும் 85. அந்த இரண்டு நாளும் அவர் ஆர்டரே சொல்லவில்லை. பத்தாம் நாள் 45, பதினோராம் நாள் 20, பன்னிரண்டாம் நாள் 10. பதறிப்போய் 75 ஆர்டர் சொல்கிறார். பதினைந்தாம் நாள் கடையில் 115 பாக்கெட்.

நீங்களே போட்டுப் பாருங்கள், என் வார்த்தையை நம்ப வேண்டாம். விற்பனை ஒரே சீராக 25. வாடிக்கையாளர் யாரும் எதையும் மாற்றவில்லை. ஆட்டம் முழுக்க அந்த விதியும் அந்த மூன்று நாள் தாமதமும் சேர்ந்து உண்டாக்கியவை.

இப்போது விதியில் ஒரே ஒரு மாற்றம். கடையில் இருப்பதோடு வழியில் வந்துகொண்டிருப்பதையும் எண்ணிக்கொள்ளட்டும். இரண்டும் சேர்ந்து 100 இருக்க வேண்டும் என்று இலக்கு. முதல் நாள்: கடையில் 55, வழியில் 40, மொத்தம் 95, ஐந்து குறைவு, ஆர்டர் 30. இரண்டாம் நாள் கடையில் 50, வழியில் 50, சரியாக 100, ஆர்டர் 25. மூன்றாம் நாள் 45, வழியில் 55, ஆர்டர் 25. நான்காம் நாள் கடை இருப்பு 50. ஐந்தாம் நாள் 50. அதற்குப் பிறகு அசையவில்லை. புதிய ஆள் வேண்டாம், பெரிய கிடங்கு வேண்டாம். ஏற்கெனவே இருந்த ஒரு செய்தி முடிவெடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது, ஆட்டம் நின்றது. முதல் தடவை இதைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜே ஃபாரெஸ்டர் என்ற மின்பொறியாளர் 1956இல் எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளிக்குப் போனபோது, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் ஒரு புதிரைச் சொன்னார்கள். கென்டக்கியில் வீட்டு உபயோகப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளில் சில காலம் மூன்று, நான்கு ஷிஃப்ட் வேலை. சில ஆண்டுகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. சந்தையின் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று சொல்லித் திருப்திப்பட முடியவில்லை. ஃபாரெஸ்டர் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால், நாம் இப்போது செய்த மாதிரியே, வாரம் வாரமாகக் கணக்குப் போட்டார். ஆர்டர் சீராக இருந்தாலும் அவர்களுடைய விதிகளே வேலையை ஏற்றி இறக்கும் என்று தெரிந்தது. அமைப்பு இயங்கியல் என்ற துறை அந்தப் பக்கத்திலிருந்து பிறந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம், அடுத்த வருஷம் ஓவர்டைமே இல்லை என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது யார் வீட்டுக் கதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லையை எங்கே போடுவது

எல்லை என்பது நாம் வரைகிற கோடு. கேள்வி மாறினால் கோடும் மாறும். சமையலறைக் குழாயில் தண்ணீர் மெல்ல வருவது ஏன் என்று கேட்டால் எல்லை வீட்டோடு முடியலாம். பினாங்குக்குத் தண்ணீர் போதுமா என்று கேட்டால் ஆயர் ஈத்தாம் அணையையும் தெலுக் பாஹாங் அணையையும் மட்டும் வரைந்து தீவோடு நிறுத்த முடியாது. நாம் குடிப்பதில் பெரும்பகுதி மூடா ஆற்றுத் தண்ணீர், அந்த ஆறு வருவது கெடாவிலிருந்து. மாநில எல்லை ஆற்றுக்குத் தெரியாது.

எல்லையைக் குறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உலகறிந்த எடுத்துக்காட்டு உண்டு. 1950களில் சரவாக்கில் மலேரியாவை ஒழிக்க வீடுகளுக்குள் டி.டி.டி. பூச்சிமருந்து தெளித்தார்கள். மலேரியா குறைந்தது, அது உண்மையான நன்மை. ஆனால் கூரை ஓலையைத் தின்னும் புழுக்களை அடக்கி வைத்திருந்த குளவிகளும் மடிந்தன. பூனைகளும் பல இறந்தன; 1960இல் பிரிட்டிஷ் விமானப்படை பாரியோ மேட்டுநிலத்தில் பாராசூட்டில் பூனைகளை இறக்கியது. இந்தக் கதை கைமாறிக் கைமாறிப் பல கண்ணிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இதை வரையும்போது சான்று உள்ள அம்புக்குறியை மட்டும் முழுக்கோடாகப் போடுங்கள்; ஊகத்தைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். உங்கள் சொந்தப் படங்களுக்கும் இதே விதி. அழகான சுழல் வர வேண்டும் என்பதற்காக இல்லாத அம்பைப் போடுவது இந்தப் படிப்பில் மிகப் பெரிய தவறு.

வாசிக்கும் வரிசை

வரலாற்றின் வரிசையில் வாசிக்காதீர்கள். லுட்விக் வான் பெர்டலன்ஃபி என்ற வியன்னா உயிரியல் அறிஞர்தான் பொது அமைப்புக் கோட்பாட்டின் தந்தை. உயிர் என்பது பொருளும் ஆற்றலும் இடைவிடாமல் உள்ளே வந்து வெளியே போகும் திறந்த அமைப்பு என்று அவர் வாதாடினார். அவருடைய பெரிய நூல் 1968இல் வந்தது. ஆனால் முதல் புத்தகமாக அதைத் திறந்தவர்கள் இருபதாம் பக்கத்தில் மூடி வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

டொனெல்லா மெடோஸ் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அறிஞரின் "திங்கிங் இன் சிஸ்டம்ஸ்" நூலிலிருந்து தொடங்குங்கள். அவர் 2001இல் காலமானார். கையெழுத்துப்படி 2008இல் நூலானது. ஆங்கிலம் எளிமை; எஸ்.பி.எம். ஆங்கிலத்தோடு, கையில் அகராதியோடு வாசிக்கலாம். ஓர் அமைப்பில் எங்கே தலையிட்டால் பலன் அதிகம் என்று அவர் 12 இடங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். எண்களைத் திருகுவது அந்த வரிசையில் மிகப் பலவீனமானது. செய்தி ஓடும் பாதையை மாற்றுவது அதைவிடப் பல படி மேலே. ஆட்டா மாவுக் கணக்கைப் போட்டவர் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது தலையாட்டுவார்.

இரண்டாவது, ராஸ் ஆஷ்பி என்ற ஆங்கில மனநல மருத்துவரின் சைபர்னெடிக்ஸ் அறிமுக நூல், 1956. சைபர்னெடிக்ஸ் என்பது கட்டுப்பாட்டையும் செய்தி ஓட்டத்தையும் ஆராயும் துறை. பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் உள்ளேயே இருக்கின்றன. தானே படிப்பவருக்காகவே எழுதியது போலிருக்கும். அதில் வரும் ஒரு விதியை மட்டும் இங்கே சொல்கிறேன்: வெளியிலிருந்து எத்தனை விதமாகத் தொல்லை வருமோ, அதைச் சமாளிக்கும் கட்டுப்பாட்டிடமும் அதற்கு ஈடாக அத்தனை விதமான பதில்கள் இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் முன்பக்கம் வாடிக்கையாளர், பின்பக்கம் அடுப்பு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தெர்மோஸ்டாட் என்றால், எந்த எண்ணில் வைத்தாலும் ஒரு பக்கம் குறை சொல்லும். அந்தக் குறையை டெக்னிஷியன் எத்தனை முறை வந்தாலும் தீர்க்க முடியாது.

சைபர்னெடிக்ஸ் என்ற பெயரை 1948இல் பரப்பியவர் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர். கப்பலின் சுக்கானைப் பிடிப்பவருக்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லிலிருந்து எடுத்தது. நம் பழைய நூல்களில் அவருக்கு மீகாமன் என்று பெயர். காற்று தள்ளுகிறது, கப்பல் விலகுகிறது, மீகாமன் பார்க்கிறார், சுக்கானைத் திருப்புகிறார், கப்பல் மெல்லத் திரும்புகிறது. திருப்பியதன் விளைவு வரும் வரை பொறுக்காமல் மேலும் திருப்பினால் மறுபக்கம் விலகும். துறைமுக ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை விடப் பொருத்தமான கலைச்சொல் கிடைக்காது. என் சொற்பட்டியலில் கட்டுப்படுத்தி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மீகாமன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கணினிக்கு எப்போது போவது

தாளில் மூன்று அமைப்புகளையாவது வரைந்து, ஒன்றையாவது கையால் கணக்குப் போட்ட பிறகு. அதற்கு முன் போனால் மென்பொருளைத்தான் கற்பீர்கள்.

முதலில் எக்செல் போதும். மேலே சொன்ன கடைக் கணக்கு ஐந்து நெடுவரிசையில் அடங்கிவிடும். தாமதத்தை மூன்று நாளிலிருந்து இரண்டாக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சுழல்களை அசைத்துப் பார்க்க லூப்பி என்ற இலவசக் கருவி இருக்கிறது. இருப்பு, ஓட்டம் வைத்து முழு மாதிரி கட்ட இன்சைட் மேக்கர் இணையத்திலேயே இலவசம்; வென்சிமின் கல்விப் பதிப்பும் இலவசம். எம்.ஐ.டி. தன் திறந்த பாடத்திட்டத்தில் அமைப்பு இயங்கியல் சுயபயிற்சிப் பாடம் ஒன்றை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. வீட்டில் கணினி இல்லையென்றால் ஜார்ஜ்டவுனில் பினாங்கு டிஜிட்டல் நூலகத்துக்குப் போகலாம். கல்லூரிக் கணினிக்கூடத்தில் வகுப்பு முடிந்த பிறகு உட்காரவும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தனியாகப் படித்தால் உங்கள் எல்லைக்கோட்டை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எங்கள் கூட்டாளிகளில் ஒருத்தி பேஸ்ட்ரி படித்தவள், ஒருவர் லாரி ஓட்டுபவர். நான் வரைந்த படத்தில் இல்லாத பாதியை அவர்கள்தான் போட்டார்கள்.

எம்.ஐ.டி.யில் உருவான பியர் விளையாட்டை ஒரு மாலை விளையாடுங்கள். நாங்கள் பியருக்குப் பதில் டின்பால் என்று மாற்றிக்கொண்டோம். நாலு பேர்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. டின்களுக்குப் பதில் கொண்டைக்கடலை. ஆர்டர் சீட்டைத் தவிர ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. வாடிக்கையாளர் முதல் நாலு வாரம் 4 டின் கேட்பார், ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசி வரை 8. அவ்வளவுதான் மாற்றம், அதைக் கடைக்காரர் மட்டுமே பார்ப்பார். இருபதாம் வாரத்தில் தொழிற்சாலைக்காரர் முன்னால் எத்தனை கடலை குவிந்திருக்கிறது என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளரின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று தொழிற்சாலைக்காரரை வரையச் சொல்லுங்கள். மலை மாதிரி ஏறி இறங்கும் கோட்டை வரைவார். எங்கள் ஆட்டத்தில் லாரிக்காரர் அண்ணன் உண்மைக் கோட்டைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் இத்தன வருஷமா கடக்காரனத் தப்பா திட்டிட்டிருந்தேனா?" என்றார்.

கல்லூரிக்குள் இதைக் கொண்டுபோவது

விரிவுரையாளரிடம் "அமைப்புக் கோட்பாடு படிக்கிறேன்" என்று தொடங்கினால் பேச்சு நீளாது. படத்தோடு போங்கள். "சேகு, இந்த யூனிட் அடிக்கடி நின்று நின்று ஓடுது, இதுதான் காரணம்னு நினைக்கிறேன்" என்று ஒரு பக்கப் படத்தை நீட்டுங்கள். எந்தப் பட்டறை ஆசிரியரும் அதைக் குனிந்து பார்ப்பார். திட்டப்பணி அறிக்கையில் கோளாறு கண்டறியும் பகுதியில் அந்தப் படத்தைச் சேர்க்க அனுமதி கேளுங்கள்.

தொழிற்பயிற்சிக் காலம்தான் பொன்னான நேரம். முதல் மாதம் வாய் திறக்காமல் குறிப்பு எடுங்கள்: புகார் யாரிடம் வருகிறது, எத்தனை நாள் கழித்து வேலை செய்பவருக்குப் போய்ச் சேருகிறது, சரிசெய்த பிறகு அந்தச் செய்தி திரும்பி யாருக்காவது வருகிறதா. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரே கடைக்கு ஒரே கோளாறுக்காக வெவ்வேறு ஆட்கள் நாலு தடவை போனோம். முன்னால் போனவர் எழுதிய தாள் கோப்பில் இருந்தது, பின்னால் போனவர் கைக்கு வரவே இல்லை. அந்தத் தாளை வண்டியிலேயே வைக்கச் சொன்னது ஒரு சின்ன மாற்றம். மீண்டும் மீண்டும் வந்த அழைப்புகள் அதன்பின் கண்கூடாகக் குறைந்தன.

சான்றிதழ் முடித்தவர் டிப்ளோமாவுக்குப் பாலேக் பூலாவ் அல்லது செபராங் பிறை பொலிடெக்னிக் பக்கம் முயலலாம். வேலை அனுபவம் உள்ள பெரியவர்களுக்கு மலேசியத் தகுதி முகமையின் ஏபெல் வழி இருக்கிறது. அனுபவத்தையே தகுதியாக மதிப்பிட்டு மேல்படிப்புக்கு வாசல் திறக்கும் ஏற்பாடு அது. அங்கே உங்கள் அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் காட்ட வேண்டியிருக்கும். இந்த நாலு மாதமாக வரைந்த படங்களையும், நேரம் போட்டு எழுதிய அளவுகளையும், தவறாகப் போட்டு அடித்த அம்புக்குறிகளையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அடித்ததைக் கிழித்துப் போடாதீர்கள்; அடுத்த அலமாரியை எங்கே நகர்த்துவது என்று தேடும்போது முதலில் புரட்டிப் பார்க்கப் போவது அந்தப் பக்கங்களைத்தான்.